வெற்றுத் திகதியைக் கையாள்வது எப்படி: “நல்” ஏற்கும் வகைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தோட்ட அலுவலகத்துக்கு எழுதிய ஊழியர் பதிவு மென்பொருளில் ஒரு பட்டியலை அச்சிடுகிறீர்கள். இன்று காலையும் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) வந்து கொழுந்து நிறுத்துவிட்டுப் போனவரின் பெயருக்கு நேரே, “வேலையை விட்ட திகதி” என்ற கட்டத்தில் 01/01/0001 என்று விழுந்திருக்கிறது. கணக்கப்பிள்ளை பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார். சேவைக்காலப் பணம் கணக்கிடும் செய்நிரல் சிரிக்காது. அந்தத் திகதியை அப்படியே நம்பிக் கணக்குப் போட்டுவிடும்.

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் தோட்டத்துக்கோ தொழிற்சாலைக்கோ கடைக்கோ மென்பொருள் எழுதுகிறவர்களுக்காக இது. எடுத்துக்காட்டு முழுவதும் ஒரே அட்டவணை: ஊழியர். மொழி சி ஷார்ப், தரவுத்தளம் எஸ்கியூஎல் சர்வர்; மற்ற மொழிகள் பின்னால் சுருக்கமாக வரும். கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம், எடிட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். மாறிகளின் பெயரை மட்டும் தமிழிலேயே விட்டுவிடலாம், சி ஷார்ப் மறுக்காமல் ஏற்கும். “நல்” என்று வரும் இடமெல்லாம் “மதிப்பு எதுவும் இல்லை” என்று வாசியுங்கள். நல்லதுக்கும் அதற்கும் உறவில்லை.

பொய்த் திகதிக்கும் ஊர் உண்டு

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைத் திருத்துவதானால், திகதியைப் பார்த்தே ஓட்டை எங்கே என்று சொல்லிவிடலாம்.

01/01/0001 வந்தால் குற்றவாளி உங்கள் செய்நிரல். சி ஷார்ப் ஓடும் டாட்நெட் தளத்தின் டேட்டைம் வகைக்கு யாரும் மதிப்புக் கொடுக்காவிட்டால் அது தானாக எடுத்துக்கொள்ளும் தொடக்க மதிப்பு அதுதான்.

01/01/1900 வந்தால், எஸ்கியூஎல் சர்வரின் திகதிப் புலத்துக்கு வெற்றுச் சரத்தை, அதாவது இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவே ஒன்றுமே இல்லாததை, அனுப்பியிருக்கிறீர்கள். அது பிழை காட்டாது; சத்தமில்லாமல் 1900 ஆக மாற்றி வைத்துக்கொள்ளும். எல்லாவற்றிலும் மோசமான ஓட்டை இதுதான். வயதான ஒருவரின் பிறந்த திகதியாக 1900 என்று இருந்தால் பட்டியலைப் பார்க்கிறவர் உடனே சந்தேகப்படுவதில்லை.

01/01/1753 என்பது ஒருவர் வேண்டுமென்றே செய்த வேலை. எஸ்கியூஎல் சர்வரின் பழைய டேட்டைம் வகை 1753க்கு முந்திய திகதியை ஏற்காது. 0001ஐ அனுப்பியதும் வரம்பு மீறல் பிழை வந்திருக்கும். அதன் வாயை அடைக்க, அந்த வகை ஏற்கும் ஆகக் குறைந்த திகதியைப் போட்டிருப்பார்கள். 1753 என்ற எண்ணுக்குக் காரணம் பிரித்தானியா 1752 செப்டெம்பரில் கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறியது: அங்கே செப்டெம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டெம்பர் 14. அந்தச் சிக்கலைத் தொடாமல் அடுத்த ஆண்டிலிருந்து கணக்கைத் தொடங்கினார்கள்.

30/12/1899 எக்செல் அல்லது ஆக்செஸ் கோப்பிலிருந்து வந்தது: சுழியம் என்ற எண்ணை டாட்நெட் திகதியாக்கினால் இதுதான் கிடைக்கும். அதே சுழியத்தை எக்செல் 00/01/1900 என்று காட்டும்.

01/01/1970, அதுவும் காலை 5.30 என்று நேரத்தோடு வந்தால் ஜாவாஸ்கிரிப்ட். அங்கே திகதிப் பொருளை உருவாக்கும்போது “நல்” கொடுத்தால் அதைச் சுழியமாக எடுத்துக்கொள்ளும். உலகப் பொது நேரத்தின் நள்ளிரவு நமக்குக் காலை ஐந்தரை. 0000-00-00 பழைய மைஎஸ்கியூஎல். 31/12/9999 பெரும்பாலும் மனிதர் கைவரிசை.

படி 1: எந்த வெறுமை என்று முதலில் முடிவெடுங்கள்

விசைப்பலகையில் கை வைக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலானோர் இதைத் தாண்டிப் போய்ப் பின்னால் அவதிப்படுகிறார்கள். ஊழியர் அட்டவணையில் உள்ள மூன்று திகதிகளை எடுத்துப் பாருங்கள்.

வேலையை விட்ட திகதி வெறுமையாக இருப்பதன் பொருள்: இன்னும் நடக்கவில்லை. ஆள் சேவையில் இருக்கிறார். இது முழுமையான, சரியான தகவல், ஒன்றும் குறையவில்லை.

பிறந்த திகதி வெறுமையாக இருப்பதன் பொருள் வேறு. பிறந்தது உறுதி, எப்போது என்று தெரியாது. லயத்தில் பிறந்து பிறப்புச் சான்றிதழ் எடுக்காமலே வளர்ந்த முதியவர்கள் நம் பக்கத்தில் குறைவில்லை. சிலருக்கு ஆண்டு மட்டும் தெரியும். அப்போது 01/01/1952 என்று நிரப்புவது வழக்கம், வேண்டாம். பிறந்த ஆண்டு என்று தனியாக ஒரு முழு எண் புலம் வைத்து அதில் 1952 என்று எழுதி, திகதிப் புலத்தை வெறுமையாக விடுங்கள். ஓய்வு வயதுக் கணக்குக்கு ஆண்டு போதும் என்றால் அதை எடுக்கலாம், நாள் வேண்டும் என்றால் கிடைக்காது. கிடைக்காததைக் கிடைக்காததாகவே காட்டினால்தான் யாராவது ஆவணம் தேடப் போவார்கள்.

பேர் பதிந்த திகதி மூன்றாவது வகை. கைக்காசுக்கு, அதாவது பதிவில்லாமல் அன்றன்றைக்குக் காசு வாங்கிக்கொண்டு, வருகிறவருக்குப் பேர் பதியவே இல்லை, அதனால் அந்தப் புலம் அவருக்குப் பொருந்தாது.

ஒரே “நல்” இந்த மூன்றையும் பிரித்துக் காட்டாது. ஆகவே பக்கத்தில் ஒரு நிலைப் புலம் வேண்டும்: சேவையில், விலகியவர், கைக்காசு. விலகியவர் என்றால் விலகிய திகதி கட்டாயம், சேவையில் என்றால் அது வெறுமையாகவே இருக்க வேண்டும் என்ற விதியைத் தரவுத்தளத்திலேயே செக் கட்டுப்பாடாக எழுதிவிடுங்கள். திரையில் மட்டும் சரிபார்த்தால், நாளை யாராவது எக்செல்லிலிருந்து நேரே ஏற்றும்போது விதி காற்றில் போகும்.

எல்லாப் புலத்துக்கும் “நல்” அனுமதிப்பதும் தவறு. பதிவு உருவான நேரம், சம்பள நாள் போன்றவை ஒருநாளும் வெறுமையாக இருக்கக் கூடாது. அங்கே சாதாரண டேட்டைம் வகையையே வையுங்கள்.

படி 2: வகையைத் தேர்ந்தெடுத்தல்

டேட்டைம் என்பது மதிப்பு வகை. பெட்டி எப்போதும் இருக்கும், அதற்குள் எப்போதும் ஏதோ ஒரு திகதி இருக்கும். சரம் போன்ற குறிப்பு வகைக்கு “நல்” இயல்பிலேயே உண்டு. மதிப்பு வகைக்குக் கிடையாது. 2005இல் வந்த சி ஷார்ப் 2.0 இதற்காகத்தான் நல்லபிள் என்ற உறையைக் கொண்டுவந்தது. வகைப் பெயரை ஒட்டி ஒரு கேள்விக்குறி போட்டால் போதும்:

டேட்டைம்? விலகியதிகதி = நல்;

உள்ளே இருப்பவை இரண்டே: மதிப்பு உண்டா இல்லையா என்று சொல்லும் ஆம்/இல்லை, அதோடு மதிப்பு. ஹேஸ்வால்யூ முதலாவதைச் சொல்லும், வால்யூ இரண்டாவதைத் தரும். மதிப்பு இல்லாதபோது வால்யூ என்று கேட்டால் இன்வாலிட்ஆப்பரேஷன் விதிவிலக்கு எறியப்பட்டுச் செய்நிரல் நிற்கும்.

நேரம் தேவையில்லாத புலங்களுக்கு, 2021இல் டாட்நெட் 6இல் வந்த டேட்ஒன்லி வகையை எடுங்கள். பிறந்த திகதிக்கு டேட்டைம் போட்டால் நள்ளிரவு 12.00 என்ற நேரம் ஒட்டிக்கொள்ளும். எங்காவது அதை உலகப் பொது நேரத்துக்கு மாற்றினால் முந்திய நாள் மாலை 6.30 ஆகும், அதிலிருந்து திகதியை மட்டும் எடுத்தால் எல்லோரும் ஒருநாள் முன்னதாகப் பிறந்தவர்களாகிவிடுவார்கள். டேட்ஒன்லிக்குப் பின்னாலும் அதே கேள்விக்குறியைப் போடலாம்.

படி 3: படிவத்திலிருந்து செய்நிரலுக்கு

எழுதுவினைஞர் தட்டிய எழுத்தில் மூன்று சாத்தியம் உண்டு: வெறுமை, சரியான திகதி, தவறான எழுத்து. மூன்றுக்கும் மூன்று வழி வேண்டும். பலர் முதலாவதையும் மூன்றாவதையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்: திகதியாக மாறவில்லையா, சரி, “நல்” போடு என்று. அப்படி எழுதினால் 31/02/2024 என்று தட்டியவருக்குப் பிழைச் செய்தி வராது. அவர் பதிந்ததாக நினைத்து எழுந்து போவார், புலமோ வெறுமையாக இருக்கும்.

வரிசை இப்படி இருக்கட்டும். எழுத்தின் இரு முனையிலுமுள்ள இடைவெளியை வெட்டுங்கள். மிஞ்சியது ஒன்றுமில்லை என்றால் “நல்” திருப்பி அனுப்புங்கள். ஏதாவது மிஞ்சினால் ட்ரைபார்ஸ்எக்ஸாக்ட் செயற்கூற்றுக்குக் கொடுங்கள். ஆம் என்றால் திகதி, இல்லை என்றால் பயனருக்குப் பிழைச் செய்தி.

திகதி எந்த வடிவில் வரும் என்று அந்தச் செயற்கூற்றுக்குச் சொல்லும் அமைப்புச் சரத்தில் நாளுக்குச் சிறிய டி இரண்டு, மாதத்துக்குப் பெரிய எம் இரண்டு, ஆண்டுக்குச் சிறிய வை நான்கு. சிறிய எம் போட்டால் அது நிமிடம். கலாசார அமைப்பாக, எந்த நாட்டு வழக்கையும் சாராத இன்வேரியண்ட்கல்ச்சரைக் கொடுங்கள். அதை விட்டுவிட்டு வெறும் ட்ரைபார்ஸ் போட்டால், ஒரு கணினியில் 03/04/2024 ஏப்ரல் 3, அமெரிக்க ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பக்கத்துக் கணினியில் அது மார்ச் 4. பிழையே வராது என்பதுதான் ஆபத்து. நாள் 12ஐத் தாண்டும்போது மட்டும் அடிபடும்.

விண்டோஸ் ஃபார்ம்ஸில் எழுதிய பழைய திரைகள் இன்னும் பல அலுவலகங்களில் ஓடுகின்றன. அங்குள்ள டேட்டைம்பிக்கரால் “நல்” காட்ட முடியாது. அதில் எப்போதும் ஒரு திகதி இருக்கும், தொடாமல் விட்டால் இன்றைய திகதி. எழுதுவினைஞர் தொடாமல் சேமித்த ஒவ்வொருவரும் இன்று வேலையை விட்டவராகப் பதிவாகிவிடுவார். ஷோசெக்பொக்ஸ் பண்பை இயக்கினால் திகதிக்கு முன்னால் ஒரு டிக் பெட்டி வரும். டிக் இல்லை என்றால் “நல்”, இருந்தால் வால்யூ. அதற்குள் 01/01/0001ஐத் திணிக்கப் பார்த்தால் விதிவிலக்கு வரும், அதன் கீழ் எல்லையும் 1753தான்.

வலைப் படிவத்தில் ஒரு நுணுக்கம். கட்டாயமான திகதிப் புலத்துக்கு ரெக்வயர்ட் குறியைப் போட்டு, வகையைக் கேள்விக்குறி இல்லாத டேட்டைம் ஆக வைத்தால், ஜேசன் (தரவை அனுப்பும் எழுத்து வடிவம்) வழியாக அந்தப் புலமே வராதபோது சரிபார்ப்பு பிடிக்காது. டேட்டைம்தான் ஏற்கெனவே 01/01/0001 என்று நிரம்பியிருக்கிறதே, ரெக்வயர்டுக்கு அது போதும். ஆகவே கட்டாயப் புலத்துக்கும் கேள்விக்குறியோடு கூடிய வகையையே வைத்து ரெக்வயர்ட் போடுங்கள். முரணாகத் தோன்றும், ஆனால் “வரவில்லை” என்பதைக் காண அது நேரான வழி. இன்னொன்று: திகதிப் பெட்டி வெறுமையாக இருந்தால் உலாவி வெற்றுச் சரத்தைத் தரும். அதை அப்படியே ஜேசனில் அனுப்பினால், டாட்நெட்டோடு வரும் ஜேசன் வாசிப்பான் கேள்விக்குறி வகைக்குக்கூட அதை ஏற்காமல் பிழை எறியும். அனுப்பும் முன்பே வெற்றுச் சரத்தை “நல்” ஆக்கிவிடுங்கள்.

படி 4: செய்நிரலுக்குள் வாசிப்பதும் ஒப்பிடுவதும்

இரட்டைக் கேள்விக்குறி இடப்பக்கம் “நல்” என்றால் வலப்பக்கத்தைத் தரும். கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்தது, மதிப்பு இருந்தால் மட்டும் அடுத்ததைக் கூப்பிடும். அச்சிடும் வரி இப்படி அமையும்:

விலகியதிகதி?.டுஸ்ட்ரிங்(அமைப்பு) ?? "சேவையில்"

கேள்விக்குறிப் புள்ளியை மறந்து வெறும் புள்ளி போட்டால் தொகுப்பி மறுக்கும், ஏனெனில் உறையின் டுஸ்ட்ரிங் அமைப்புச் சரத்தை வாங்காது. இந்தப் பிழையைக் கண்டால் வால்யூ என்று நடுவில் சேர்த்துச் சமாளிக்கிறவர்கள் உண்டு. தொகுப்பி அடங்கிவிடும், பிழை மட்டும் ஓடும் நேரத்துக்குத் தள்ளிப்போகும்.

ஒப்பீடுதான் அதிகம் ஏமாற்றுவது. விலகியதிகதி “நல்” என்று வையுங்கள். விலகியதிகதி < இன்று? பொய். விலகியதிகதி >= இன்று? அதுவும் பொய். இரண்டும் பொய் என்பதால், ஒன்றின் எதிர்மறையை மற்றதாக எடுக்க முடியாது. “இன்றைக்கு முன் விலகியவர் இல்லை என்றால்” என்று எழுதிய நிபந்தனைக்குள் சேவையில் இருப்பவர்கள் வருவார்கள். “இன்றோ அதற்குப் பின்போ விலகுகிறவர் என்றால்” என்று எழுதினால் வரமாட்டார்கள். வாசிக்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஹேஸ்வால்யூவை முதலில் கேட்டு, பிறகு ஒப்பிடுவது நீளம்தான். ஆனால் ஆறு மாதம் கழித்து வாசிக்கிறவருக்குப் புரியும்.

அடுத்தது டிஃபால்ட் என்ற பொறி. இப்படி ஒரு வரி:

டேட்டைம்? முடிவு = விலகினாரா ? திகதி : டிஃபால்ட்;

விலகவில்லை என்றால் முடிவு “நல்” ஆகும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆகாது. வலப்பக்கத்தில் உள்ள திகதி கேள்விக்குறி இல்லாத டேட்டைம் என்பதால் டிஃபால்டும் அதே வகையாகி, 01/01/0001 வந்து விழும். வெளிப்படையாக “நல்” என்றே எழுதுங்கள். 2020இல் வந்த சி ஷார்ப் 9 முதல் அது அப்படியே தொகுக்கும். அதற்கு முந்திய பதிப்புகளில் “நல்” முன்னால் அடைப்புக்குறிக்குள் டேட்டைம்? என்று வகைமாற்றம் போட வேண்டும். விபி டாட்நெட்டில் நத்திங் என்ற சொல்லும் இஃப் செயலிக்குள் இதே வேலையைக் காட்டும். கெட்வால்யூஆர்டிஃபால்ட்டை வெறும் அடைப்புக்குறியோடு கூப்பிட்டாலும் 0001தான்.

ஒருவர் கடைசியாகக் கொழுந்து எடுத்த நாளைத் தேடும்போது மேக்ஸ் பயன்படுத்துவீர்கள். நேற்றுத்தான் பேர் பதிந்தவருக்கு ஒரு வரவும் இருக்காது. வெற்றுப் பட்டியலில் சாதாரண டேட்டைமுக்கு மேக்ஸ் கேட்டால் விதிவிலக்கு. உள்ளே டேட்டைம்? ஆக வகைமாற்றிக் கேட்டால் “நல்” வரும், நிரல் நிற்காது.

சேவைக்காலப் பணக் கணக்கு

இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம், பணம் சம்பந்தப்பட்ட இடம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 5 ஆண்டு சேவை முடித்தவருக்கு, மாதச் சம்பளக்காரர் அல்லாதவராயின், ஆண்டுக்கு 14 நாள் சம்பளம். கணக்குக்கு இரண்டு திகதி வேண்டும்: சேர்ந்தது, விலகியது.

இரண்டும் டேட்டைம்? வகையாக இருந்தால் நேரே கழிக்கலாம். விடையும் கேள்விக்குறி வகையான கால அளவாக வரும். ஏதாவது ஒன்று “நல்” என்றால் விடையும் “நல்”. இது வரம், குறை அல்ல. விலகிய திகதி இல்லாதவருக்கு “இன்று விலகினால் எவ்வளவு” என்று காட்ட விரும்பினால், விலகியதிகதி ?? இன்று என்று கணக்குக்குள் மட்டும் போடுங்கள். அந்த “இன்று” திரும்பிப் போய் அட்டவணையில் உட்காரக் கூடாது.

சேர்ந்த திகதிக்கு அந்த வசதியைச் செய்யவே கூடாது. அது தெரியாவிட்டால் 01/01/0001 விழட்டும் என்று விட்டால், 01/01/2025 அன்று விலகியவரின் சேவை 2024 ஆண்டு. 14ஆல் பெருக்கினால் 28,336 நாள் சம்பளம். இவ்வளவு பெரிய எண் என்றால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். 1900 என்றோ 01/01/1990 என்றோ விழுந்தால்தான் கஷ்டம், கண்ணுக்கு உறுத்தாது. சேர்ந்த திகதி “நல்” என்றால் கணக்கு நின்று, “சேர்ந்த திகதி இல்லை, செக்ரோலைப் பார்க்கவும்” என்று செய்தி வர வேண்டும்.

படி 5: தரவுத்தளத்துக்குள்

எஸ்கியூஎல் சர்வரில் பிறந்த, சேர்ந்த, விலகிய திகதிகளுக்கு டேட் வகை போதும், “நல்” அனுமதியோடு. நேரமும் வேண்டும் என்றால் டேட்டைம்2. பழைய டேட்டைமைப் புதிய அட்டவணைக்கு எடுக்கக் காரணமில்லை.

செய்நிரலின் “நல்” வேறு, தரவுத்தளத்தின் “நல்” வேறு. டாட்நெட்டின் அடிப்படைத் தரவுத்தள இணைப்பான ஏடிஓ டாட்நெட் வழியாக நேரடியாக எழுதும்போது அளபுருவின் மதிப்பாகச் சாதாரண “நல்” கொடுத்தால், அளபுரு தரப்படவில்லை என்று தரவுத்தளம் முறைப்பாடு செய்யும். கொடுத்தேனே என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். டிபிநல்.வால்யூ என்று கொடுக்க வேண்டும்:

(ஒப்ஜெக்ட்)விலகியதிகதி ?? டிபிநல்.வால்யூ

முன்னாலுள்ள வகைமாற்றம் இல்லாவிட்டால் தொகுக்காது. வாசிக்கும்போது முதலில் இஸ்டிபிநல் கேட்டு, இல்லை என்றால் மட்டும் கெட்டேட்டைம். தரவுத்தளத்தோடு பேசும் நூலகங்களான என்டிட்டி ஃபிரேம்வர்க்கும் டாப்பரும் இவற்றை உங்களுக்காகச் செய்துவிடும்.

என்டிட்டி ஃபிரேம்வர்க்கில் கவனிக்க வேண்டியது மைக்ரேஷன், அதாவது அட்டவணையின் அமைப்பை மாற்ற அது எழுதும் கோப்பு. ஏற்கெனவே ஊழியர்கள் இருக்கும் அட்டவணைக்குக் கேள்விக்குறி இல்லாத ஒரு புதிய டேட்டைம் புலத்தைச் சேர்த்தால், பழைய வரிகளுக்கெல்லாம் 01/01/0001ஐ நிரப்பும்படி மைக்ரேஷன் கோப்பு தானாகவே எழுதப்படும். அதைத் திறந்து வாசிக்காமல் ஓட்டாதீர்கள்.

வினவல்களில் “நல்” எதற்கும் சமமில்லை, தனக்கே சமமில்லை. சமக்குறி போட்டுத் தேடினால் ஒன்றும் வராது; இஸ் நல் என்றுதான் கேட்க வேண்டும். “விலகிய திகதி 31/12/2023க்குச் சமமல்லாதவர்கள்” என்று கேட்டாலும் சேவையில் இருப்பவர்கள் வரமாட்டார்கள். நொட் இன் போட்ட துணை வினவலுக்குள் ஒரே ஒரு “நல்” இருந்தாலும் முழு விடையும் வெறுமையாகும். புலத்தின் பெயரைக் கொடுத்து கவுண்ட் செய்தால் வெற்று வரிகள் எண்ணப்படா. நட்சத்திரக் குறி கொடுத்தால் எண்ணப்படும். சேவையில் எத்தனை பேர் என்பதை இரண்டையும் கழித்தே சொல்லலாம்.

அலுவலகம் அடிக்கடி கேட்கும் பட்டியல் ஒன்று: 2024 மார்ச் 31 அன்று சேவையில் இருந்தவர்கள். சரியான நிபந்தனை:

சேர்ந்ததிகதி <= @நாள் அண்ட் (விலகியதிகதி இஸ் நல் ஆர் விலகியதிகதி > @நாள்)

அடைப்புக்குறியை விட்டுவிட்டால் அண்ட் முதலில் கட்டிக்கொள்ளும். அதன்பின் விலகிய திகதி பிந்தியதாக உள்ள எவரும், அந்நாளில் சேர்ந்திருக்கவே இல்லை என்றாலும், உள்ளே வந்துவிடுவார். மே மாதம் சேர்ந்து ஓகஸ்டில் போனவர் மார்ச் பட்டியலில் நிற்பார்.

வரிசைப்படுத்தும்போது தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் வேறுபாடு உண்டு. ஏறுவரிசையில் எஸ்கியூஎல் சர்வரும் மைஎஸ்கியூஎல்லும் “நல்” வரிகளை முதலில் வைக்கும். போஸ்ட்கிரெஸ்ஸும் ஒரக்கிளும் கடைசியில். ஒரக்கிள் வெற்றுச் சரத்தையே “நல்” என்றுதான் கொள்ளும்.

விலகிய திகதி சேர்ந்த திகதிக்கு முந்தியதாக இருக்கக் கூடாது என்ற செக் கட்டுப்பாட்டை எழுத, “நல்” பற்றித் தனியாக எதுவும் சொல்லத் தேவையில்லை. ஒப்பீட்டின் விடை “தெரியாது” என்றால் செக் விட்டுவிடும். வேர் நிபந்தனை அதே விடையைக் கழித்துவிடும். ஒரே கேள்விக்கு இரண்டு இடத்தில் எதிர் எதிர் நடத்தை.

மற்ற மொழிகளில்

ஜாவாவில், 2014இல் ஜாவா 8 கொண்டுவந்த லோக்கல்டேட் குறிப்பு வகை, ஆகவே “நல்” இயல்பாகவே ஏற்கும். கேள்விக்குறி இல்லாததால் எந்தப் புலம் வெறுமையாகலாம் என்று வகை உங்களுக்குச் சொல்லாது. செயற்கூறு திருப்பித் தருவதை ஒப்ஷனலாக வைத்தால் கூப்பிடுகிறவருக்குத் தெரியும். கொட்லினில் சி ஷார்ப் போலவே கேள்விக்குறி. பைதனில் இதற்குப் பெயர் “நன்”; அதைத் திகதியோடு சிறிது பெரிது பார்த்தால் டைப்எரர் எறிந்து நின்றுவிடும். சி ஷார்ப்பின் மௌனமான பொய்யைவிட அது எவ்வளவோ மேல். ஜாவாஸ்கிரிப்டில் “நல்” கொடுத்தால் 1970 என்று பார்த்தோம். வெற்றுச் சரமோ அன்டிஃபைன்டோ கொடுத்தால் செல்லாத திகதி என்று வரும்.

பழைய அட்டவணையைச் சுத்தம் செய்தல்

பொய்த் திகதிகள் ஏற்கெனவே குவிந்திருந்தால் இந்த ஒழுங்கில் போங்கள். முழுப் பிரதி எடுத்து, அது திரும்ப ஏறுகிறதா என்றும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு திகதியும் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று குழுவாக்கி, அதிகமானது மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். சாதாரணமாக ஒரு பிறந்த நாள் சில பேருக்கு இருக்கும். 01/01/1900 நூற்றுக்கணக்கானவருக்கு இருந்தால் அது யாருடைய பிறந்த நாளும் அல்ல. அடுத்து, புலத்துக்கு “நல்” அனுமதி கொடுங்கள், பொய் என்று உறுதியானவற்றை மட்டும் “நல்” ஆக்குங்கள், கடைசியில் செக் கட்டுப்பாடு. 01/01/1960 போன்றவற்றில் அவசரப்பட வேண்டாம். சிலருக்கு அதுவே அடையாள அட்டையில் உள்ள திகதி; சட்டப்படி அவர் பிறந்த நாள் அதுதான்.

அடையாள அட்டை இலக்கம் இருந்தால் வெறுமையான பிறந்த திகதி பலவற்றை மீட்கலாம். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய எண்ணில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பன்னிரண்டு இலக்கப் புதிய எண்ணில் முதல் நான்கு ஆண்டு, அடுத்த மூன்று நாள். பெண்களுக்கு நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். இதுவரை பலருக்குத் தெரியும். சறுக்குவது பெப்ரவரியில்: இந்த எண்ணில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 நாள்.

1975இல் பிறந்த ஒரு பெண்ணின் நடு இலக்கம் 561 என்று கொள்ளுங்கள். 500ஐக் கழித்தால் 61. ஜனவரி 1உடன் 60 நாளைக் கூட்டினால் செய்நிரல் மார்ச் 2 என்று சொல்லும். அட்டையில் மார்ச் 1 இருக்கும். ஆகவே லீப் அல்லாத ஆண்டில் நாள் எண் 60ஐத் தாண்டினால் ஒன்றைக் கழியுங்கள். சரியாக 60 என்றால் இல்லாத பெப்ரவரி 29ஐக் குறிக்கிறது, இலக்கத்தைத் தவறாகத் தட்டியிருக்கிறார்கள். “நல்” ஆகவே விட்டுப் பட்டியலில் தனியாகக் காட்டுங்கள். இப்படி மீட்ட திகதிகளுக்குப் பக்கத்தில் “அடையாள அட்டையிலிருந்து” என்று ஒரு மூலக் குறிப்பும் இருக்கட்டும்.

எக்செல்லிலிருந்து ஏற்றும்போது வெற்றுக் கட்டம் மட்டும் வெறுமையல்ல. சிறுகோடு, “இல்லை”, “தெரியாது”, ஒரே ஓர் இடைவெளி, எல்லாம் வரும். இவற்றுக்கு ஒரு சிறு பட்டியல் வைத்து அதில் உள்ளதை மட்டும் “நல்” ஆக்குங்கள். பட்டியலில் இல்லாத எழுத்து வந்தால் அந்த வரியை நிறுத்தி வரி எண்ணோடு காட்டுங்கள். திகதி போலத் தெரியும் கட்டம் உள்ளே வெறும் எழுத்தாக இருப்பதும் உண்டு, இடப்பக்கம் ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள்.

அச்சிடும் தாளில்

திரையில் வெற்றுக் கட்டத்தை வெறுமையாக விடலாம். தாளில் விடாதீர்கள். அலுவலகத்தில் அச்சுத் தாள் வந்ததும் யாராவது பேனாவால் நிரப்பிவிடுவார்கள், அது திரும்ப மென்பொருளுக்குள் வராது. விலகிய திகதிக்கு “சேவையில்”, பிறந்த திகதிக்கு “தெரியாது (1952)”, கைக்காசுக்காரரின் பேர் பதிந்த திகதிக்கு ஒரு கோடு என்று மூன்று வெறுமைக்கும் மூன்று அச்சு வடிவம் கொடுங்கள். அந்தச் சொற்களை அச்சு அறிக்கைக்குள் மட்டும் வைத்திருங்கள். “சேவையில்” என்ற சொல் எப்படியோ திகதிப் புலத்தின் வழியே திரும்பி வந்தால், படி 3இல் எழுதிய ட்ரைபார்ஸ்எக்ஸாக்ட் அதைப் பிடித்துப் பிழை காட்ட வேண்டும். காட்டுகிறதா என்று ஒருமுறை தட்டிப் பாருங்கள்.